நாஞ்சில் நாட்டுக் கடின நீரும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

வீட்டில் சிறிய கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீரைப் பற்றிய எண்ணம் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்த பிறகே வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் கடின நீராக உள்ளன. அங்கே எந்த மீன் வாழும், எது வாழாது என்பதை விலையோ நிறமோ தீர்மானிப்பதில்லை, நீரே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை நாஞ்சில் நாட்டு நீரின் இயல்பையும், வண்ண மீன்கள் கிணறு வழியாகவும் கண்காட்சி வழியாகவும் வீட்டுக்குள் வந்த வரலாற்றையும், கடின நீருக்கு ஏற்ற மீன்களையும் விளக்குகிறது.

ஒரே மாவட்டம், இரு வகை நீர்

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு பழைய வட்டங்களே மரபாக நாஞ்சில் நாடு எனப்படுகின்றன. கல்குளமும் விளவங்கோடும் மேற்கே உள்ளன. இந்த நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

இங்கு நீர் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று மலை நீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை கோதையாறு வழியாக வருகிறது. திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையும், பின்னர் கட்டப்பட்ட பெருஞ்சாணி அணையும் அந்த நீரைத் தேக்குகின்றன. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு ஆகியவை அதை வயல்களுக்கும் குளங்களுக்கும் கொண்டு செல்கின்றன. நாகர்கோவில் நகரத்துக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீரும் இவ்வகையே. கடினமான பாறைகளின் மேல் விரைந்து ஓடி வருவதால் இந்நீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்து குறைவு. இது மென்னீர்.

மற்றொன்று நிலத்தடி நீர். மண்ணிலும் பாறை இடுக்கிலும் நெடுநாள் தங்கியிருக்கும் நீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கடலோரத்தில் மணலில் கலந்துள்ள சிப்பித் துகள்களும் இதற்குத் துணை செய்கின்றன. கடல் நீர் நிலத்தடியில் உட்புகும் இடங்களில் கடினத்தன்மையோடு உப்பும் சேர்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது குளச்சல், மணக்குடி போன்ற கடற்கரைகளில் கடல் ஊருக்குள் ஏறியது. அலை புகுந்த கிணறுகள் உவர்ந்து போயின. மேற்கே, செம்பாறை மண் மிகுந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் கிணற்று நீர் பொதுவாக மென்மையாகவும் சற்று அமிலத்தன்மையுடனும் இருக்கும்.

எனவே மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் நன்றாக வாழும் மீன், அகத்தீசுவரத்தில் உறவினர் வீட்டுத் தொட்டியில் ஒரு வாரத்தில் செத்துப்போகலாம். இதில் வளர்த்தவரின் கைராசிக்கு ஒரு பங்கும் இல்லை. இரண்டு வீட்டு நீரும் வேறு என்பதே காரணம்.

கடின நீர் என்றால் என்ன?

பருப்பு எளிதில் வேகாது; சோப்பு நுரைக்காது; நீர் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். கடின நீரை வீட்டில் இப்படித்தான் அறிந்து வந்தார்கள். நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளின் மொத்த அளவே கடினத்தன்மை. இதை ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கிடுவர். 60 மில்லிகிராம் வரை மென்னீர். 61 முதல் 120 வரை மிதமான கடின நீர். 121 முதல் 180 வரை கடின நீர். அதற்கு மேல் மிகக் கடின நீர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்துள்ளது. ஆகவே மனிதர் குடிக்கத் தகுந்த நீரே சில மீன்களுக்கு மிகக் கடினமாக அமையலாம்.

கடினத்தன்மை இருவகை. கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கவைத்தால் அது பெருமளவு படிந்து நீங்கும். அவற்றின் குளோரைடு, சல்பேட்டுகளால் வருவது நிரந்தரக் கடினத்தன்மை; கொதிக்கவைத்தாலும் போகாது.

இதை அளக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேதியியல் கற்பித்த தாமஸ் கிளார்க் 1841-இல் சுண்ணாம்பு சேர்த்து நீரை மென்மையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சோப்புக் கரைசலைச் சேர்த்து, நுரை நிலைக்கும் அளவைக் கொண்டு கடினத்தன்மையைக் கணக்கிடும் முறையும் அவருடையதே. இன்று கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படும் ஈடிடிஏ தரம்பார்த்தல் 1940-களில் சுவிட்சர்லாந்தின் ஷ்வார்சன்பாக் வளர்த்தெடுத்த முறையாகும்.

மாணவர்கள் வீட்டிலேயே கிளார்க்கின் வழியைப் பின்பற்றிப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு குப்பிகளில் ஒன்றில் மழை நீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் சம அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை நிலைத்து நிற்க மழை நீருக்கு எத்தனை சொட்டு, கிணற்று நீருக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினால் வேறுபாடு கண்முன் தெரியும். கடைகளில் விற்கும் டிடிஎஸ் கருவி கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே காட்டும். சுண்ணாம்பையும் சமையல் உப்பையும் பிரித்துக் காட்டாது. கடலோரக் கிணறுகளில் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கிணற்றுக்குள் வந்த மீன்

தமிழ்நாட்டில் வண்ண மீன் கண்ணாடித் தொட்டிக்குள் வருவதற்கு முன்பே மீன் கிணற்றுக்குள் வந்துவிட்டது. பூச்சி புழுக்களைத் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கிணற்றில் சில மீன்களையோ ஆமையையோ விடுவது ஊர்களில் பழைய வழக்கம். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். அதன் பிறகு கொசுப் புழுவைத் தின்னும் மீன்களுக்குப் பொதுச் சுகாதாரத் துறையில் ஓர் இடம் கிடைத்தது.

அப்படி இந்தியாவுக்கு வந்தவற்றுள் முக்கியமானது கப்பி. தென் அமெரிக்காவின் வடகரையையும் டிரினிடாடு தீவையும் தாயகமாகக் கொண்ட இம்மீனை 1859-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வில்லெம் பீட்டர்ஸ் முதலில் விவரித்தார். 1866-இல் டிரினிடாடிலிருந்து இதை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய லெக்மியர் கப்பி என்பவரின் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்னும் மற்றொரு கொசு மீன் வந்தது. இரண்டும் முட்டையிடாமல் குஞ்சு போடும் இனங்கள். 1971-இல் தொடங்கிய நகர்ப்புற மலேரியாத் திட்டத்திலும் இம்மீன்கள் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்பட்டன. டெங்குவுக்கு எதிராக உள்ளாட்சி அமைப்புகள் இவற்றை இன்றும் பயன்படுத்துகின்றன.

கிணற்றில் விட்ட கப்பி அங்கே பிழைத்துப் பெருகியதற்கு ஒரு காரணம், அது கடின நீரைத் தாங்கும் மீன் என்பது. கடின நீர் மீனுக்கு ஆகாது என்ற பொதுவான எண்ணம் முழு உண்மை அன்று என்பதற்கு இதுவே சான்று. சில மீன்களுக்கு அது ஆகாது. சில மீன்களுக்கு அதுவே தாய்வீடு.

கண்ணாடித் தொட்டியின் வருகை

சீனர்கள் சோங் அரச மரபின் காலத்திலேயே (960–1279) தங்கமீனைக் குளங்களிலும் கலங்களிலும் வளர்த்தனர். மீனையும் நீர்த்தாவரத்தையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் சமநிலையில் வைக்கலாம் என்பதை 1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் காட்டினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரப்பியது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு 1909-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சென்னைக் கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள மீனைப் பார்ப்பது அக்காலத்தவருக்குப் புதுமை. வீட்டுத் தொட்டி பரவலானது மிகவும் பிந்தியே. 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னையின் கொளத்தூர், சிமெண்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்க்கும் குடும்பங்களின் ஊராக மாறியது. அங்கிருந்து பாலித்தீன் பைகளில் ஆக்சிசன் நிரப்பி அனுப்பப்படும் மீன்கள் தமிழகத்தின் சிறு நகரக் கடைகளுக்கும் சென்று சேர்கின்றன.

இதனால் ஒரு புதிய சிக்கல் பிறந்தது. அமேசான் ஆற்று மீனும், ஆப்பிரிக்க ஏரி மீனும், மெக்சிகோ ஓடை மீனும் ஒரே கடையில் அடுத்தடுத்த தொட்டிகளில் ஒரே விலைப் பட்டியலில் நிற்கின்றன. அவற்றின் ஊர் நீர் எப்படிப்பட்டது என்று எந்தத் தொட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

மீனின் உடலில் நிகழ்வது

நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிட மிகுதி. ஆதலால் நீர் எப்போதும் செவுள் வழியாக உடலுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் மிகுதியான நீரைச் சிறுநீராக வெளியேற்றி, இழந்த உப்பைச் செவுளால் மீண்டும் உறிஞ்சுகிறது. நீரில் உள்ள கால்சியம் செவுள் உயிரணுக்களின் இணைப்புகளை இறுக்கி இந்தக் கசிவைக் குறைக்கிறது. மெக்சிகோவின் சுண்ணாம்பு நிலத்து ஓடைகளில் தோன்றிய மீன்கள் இந்த உதவியோடு வாழப் பழகியவை. மென்னீரில் விட்டால் அவை வலுவிழந்து நோயுறும்.

மாறாக, அமேசான் காட்டின் கறுப்பு ஓடைகளில் கால்சியம் மிகக் குறைவு. அங்கு தோன்றிய மீன்களின் உடல் அந்த வறுமைக்கே பழகியது. அவற்றின் முட்டைகள் கடின நீரில் சரியாகப் பொரிப்பதில்லை. பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்ந்த மீன்கள் மிதமான கடின நீரை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. ஆனால் திடீர் மாற்றத்தை எந்த மீனும் தாங்காது.

கடின நீரில் மற்றொரு கூறும் உண்டு. அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 7-க்கு மேல், 8-ஐ ஒட்டி இருக்கும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நீரின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது, பி.எச். 7-இல் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்குதான். பி.எச். 8-இல் அது 5 பங்கைத் தாண்டுகிறது. அதாவது ஒரே அளவு கழிவு கடின நீரில் ஏறத்தாழ பத்து மடங்கு நச்சாகிறது. ‘எங்கள் ஊர்த் தண்ணீர் மீனைக் கொல்கிறது’ என்று சொல்லப்படும் பல நேரங்களில் கொன்றது கடினத்தன்மை அன்று. புதிய தொட்டியில் முதல் நாளே நிறைய மீன் விட்டதும், அளவுக்கு மேல் தீனி போட்டதுமே காரணம். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று சிறு மீன்களே போதும்.

கடின நீருக்கு ஏற்ற மீன்கள்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நீரே நிற்கும். சிறிய வீட்டுத் தொட்டி என்பது பெரும்பாலும் இதுதான். இந்த இடத்துக்கும் கடின நீருக்கும் ஒருங்கே பொருந்துபவை கீழ்க்கண்டவை.

கப்பி: ஆண் 3 செ.மீ., பெண் 5 செ.மீ. அளவு. மிகக் கடின நீரிலும் வாழும். பெண் மீன் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும்; ஒருமுறை இணைசேர்ந்தபின் விந்தணுவைச் சேமித்துப் பல மாதம் குஞ்சு போட வல்லது. பெருக்கம் வேண்டாதவர்கள் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கலாம். ஆறு ஆண் கப்பிகள் இரண்டடித் தொட்டியை நிறைவாகக் காட்டும்.

எண்ட்லர் மீன்: கப்பியின் நெருங்கிய உறவு, அதைவிடச் சிறியது. வெனிசுவேலாவின் ஒரு கடலோரக் காயலில் ஜான் எண்ட்லர் 1975-இல் சேகரித்தது. 2005-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. தாயகத்திலேயே கடின நீரில் வாழ்ந்தது.

பிளாட்டி: மெக்சிகோ, நடு அமெரிக்க மீன். 5 அல்லது 6 செ.மீ. வளரும். அமைதியானது, தொடக்க நிலையினருக்கு ஏற்றது. இதன் உறவான வாள்வால் மீன் 10 செ.மீ.க்கு மேல் வளர்வதால் மூன்றடித் தொட்டியே அதற்கு ஏற்றது.

மாலி: பிரெஞ்சு நிதியமைச்சர் மோலியன் பெயரால் 1821-இல் வைக்கப்பட்ட பேரினப் பெயரின் சுருக்கமே ‘மாலி’. கடின நீரோடு சற்று உப்பும் கலந்த நீரில் நன்றாக வாழும். எனவே உவர்ப்புள்ள கடலோரக் கிணற்று நீருக்கு இது முதல் தேர்வு. மென்னீரில் இது எளிதில் நோயுறும். இரண்டடித் தொட்டிக்கு மூன்று மீன் போதும்.

சீப்ரா மீன்: இந்தியாவின் சொந்த மீன். 1822-இல் கங்கை மீன்கள் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தது. மென்னீரையும் கடின நீரையும் தாங்கும். கூட்டமாக வாழ்வது, ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும்.

உள்ளூர் மீன்கள்

கடைகளில் அதிகம் கிடைக்காவிட்டாலும், தென்னிந்திய நீர்நிலைகளிலேயே தொட்டிக்கு ஏற்ற மீன்கள் உள்ளன. முதலாவது, மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் மஞ்சள் நிற மீன். 8 செ.மீ. வளரும்; நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடி போன்ற கழிமுகங்கள் இத்தகைய மீன்களின் வாழிடம். ஜெர்மானிய அறிஞர் மார்க்கஸ் பிளாக் 1795-இல் இதை விவரித்தார். அவருக்குத் தமிழகக் கரையிலிருந்து மீன்களைச் சேகரித்து அனுப்பியவர் தரங்கம்பாடியில் சமயப் பணி செய்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். அவர் நினைவாகவே கத்தாழை மீனின் பேரினத்துக்கு ஜானியஸ் என்று பிளாக் பெயரிட்டார். பள்ளத்தியின் தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் சளியைத் தின்று வளரும். இந்தக் காட்சியை ஒருமுறை கண்டவர்கள் வெளிநாட்டு மீனைத் தேட மாட்டார்கள். இரண்டடித் தொட்டிக்கு ஒரு சோடிக்கு மேல் கூடாது.

இரண்டாவது, மானத்துக்கண்ணி. வயல் வாய்க்காலில் நீரின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும். வானத்தைப் பார்ப்பது போன்ற கண்ணால் பெற்ற பெயர். கொசுப் புழுவைத் தின்பதில் கம்பூசியாவுக்கு ஈடான உள்ளூர் மீன் இது. துள்ளிக் குதிப்பதால் தொட்டிக்கு மூடி வேண்டும்; சிறு மீன்களை விழுங்குவதால் எண்ட்லர், கப்பிக் குஞ்சுகளோடு சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரால் ‘குபானஸ்’ என்று அறிவியல் பெயர் பெற்ற சிறு பனையேறி வகை மீன். 6 செ.மீ. அளவு, காற்றை நேராகச் சுவாசிக்கும், உவர்நீரையும் தாங்கும்.

இவற்றைப் பண்ணையில் வளர்த்தவையாகப் பார்த்து வாங்குவதே முறை. பாதுகாக்கப்பட்ட குளங்களில் பிடிக்கக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை மென்னீர் மீன்கள். கடைக்காரர் எந்த நீரில் வைத்திருக்கிறார் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. தங்கமீனுக்குக் கடின நீர் ஒத்துப்போகும். ஆனால் அது பெரிதாக வளர்ந்து மிகுதியாகக் கழிவிடுவதால் சிறு தொட்டிக்கோ கண்ணாடிக் கிண்ணத்துக்கோ ஆகாது. தொட்டியின் பாசியைத் துடைக்கும் என்று விற்கப்படும் சக்கர் மீன் விரல் நீளத்தில் வாங்கப்பட்டு 40 செ.மீ. வரை வளரும்.

‘மிஸ் கேரளா’ என்று உலகெங்கும் விற்கப்படும் செங்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் மென்னீருக்கு உரியது. பிரான்சிஸ் டே 1865-இல் சென்னை ஆளுநர் டெனிசன் பெயரால் அதை விவரித்தார். ஏற்றுமதிக்காகக் காட்டாறுகளில் பெருமளவு பிடிக்கப்பட்டதால் இன்று அழியும் ஆபத்தில் உள்ளது. 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்து, திருவிதாங்கூரின் பெயரையே சூட்டிய குள்ளப் பேத்தை மீன் 3 செ.மீ. அளவே உள்ளதால் சிறு தொட்டிக்கு ஏற்றதுபோல் தோன்றும். ஆனால் அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். விற்கப்படுபவை பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடிக்கப்படுபவை.

நீரை மாற்றலாமா?

மீனுக்காக நீரை மாற்ற முயல்வோர் பலர். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் பி.எச். சற்று இறங்கும், நீரில் உள்ள பைகார்பனேட் அதைச் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏற்றிவிடும். இந்த ஏற்ற இறக்கமே மீனுக்குக் கேடு. வீட்டுக்கு நீர் மென்மையாக்கும் கருவிகள் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைப்பவை. அந்நீர் மென்னீர் மீனுக்கும் நல்லதன்று.

சற்றுக் குறைக்கவே வேண்டுமென்றால் நம்பகமான வழி மழை நீர். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் உண்டு. 2003-இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பல வீடுகளில் உள்ளது. கூரையைக் கழுவிய முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த நீரைக் கிணற்று நீரோடு சம அளவில் கலந்தால் கடினத்தன்மை ஏறத்தாழ பாதியாகும். குழாய் நீராக இருந்தால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்.

கவனிக்கப்படாத மற்றொன்று ஆவியாதல். வெயில் காலத்தில் தொட்டி நீர் குறையக் குறையக் கிணற்று நீரை ஊற்றி நிரப்புவது வழக்கம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 40 லிட்டர் தொட்டியில் வாரம் 4 லிட்டர் ஆவியாகி, அதே நீரால் நிரப்பினால், வாரத்துக்கு 30 மில்லிகிராம் கூடும். சுண்ணாம்பின் ஒரு பகுதி கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படிவதைக் கழித்தாலும், பத்து வாரத்தில் கடினத்தன்மை இரு மடங்கை நெருங்கும். ஆகவே நிரப்பினால் மட்டும் போதாது. வாரம் கால் பங்கு பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய நீர் விட வேண்டும்.

கன்னியாகுமரியில் விற்கும் சங்கு, சிப்பிகளை அழகுக்காகத் தொட்டியில் போடுவோரும் அவை சுண்ணாம்பு என்பதை அறிய வேண்டும். மென்னீரில் அவை மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். மாலி, பிளாட்டி வளர்ப்பவர்கள் நன்றாகக் கழுவிப் போடலாம்.

தொட்டிக்கு வெளியே

தவறாகத் தேர்ந்த மீன் சாகாமல் பிழைத்தால் மற்றொரு கேடு நேர்கிறது. தொட்டியை மீறி வளர்ந்த சக்கர் மீனையும், பெருகிய கப்பிகளையும் கொல்ல மனமின்றி அருகிலுள்ள குளத்தில் விடுகிறார்கள். இரக்கத்தால் செய்யும் இச்செயல் குளத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை. கொசுவை ஒழிக்க வந்த கம்பூசியாவும், உணவுக்காக 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் உள்ளன. இரண்டும் நல்ல நோக்கத்தோடு விடப்பட்டவையே. சக்கர் மீனும் தமிழக, கேரள நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளது.

நாஞ்சில் நாட்டின் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. தொலைநாட்டுப் பறவைகள் அங்கு வந்து இறங்குவது மீனும் பூச்சியும் நீர்த்தாவரமும் இருப்பதால்தான். வாய்க்கால்கள் குளத்தைக் குளத்தோடு இணைக்கும் இந்நாட்டில், ஒரு குளத்தில் விட்ட மீன் அங்கேயே நிற்பதில்லை. வேண்டாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் சேர்க்கலாம். குளத்தில் மட்டும் விடக் கூடாது.

ஆகவே மீன் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு குப்பியில் வீட்டு நீரை எடுத்துச் சோதித்துக்கொண்டு கடைக்குச் செல்வது. நீர் கடினமானால் கப்பியும் பிளாட்டியும். உவர்ந்தால் மாலியும் பள்ளத்தியும். மலை நீர் வரும் வீடானால் மென்னீர் மீன்களும். அந்த நீருக்கு ஏற்ற மீன் அதிகச் செலவின்றி நெடுநாள் வாழும். குழந்தைகள் காலையில் தொட்டியருகே ஓடி வரும்போது மீன் உயிரோடு இருக்கும்.